பழைய ஃபில்டரைப் பார்த்துப் புதியதைக் கொடுத்த நாள்

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும், கணக்கு மேசையிலிருந்து கவுண்டருக்கு மாறியிருக்கும் தங்கைக்கும் வணக்கம்.

நேரில் வந்து உங்களிடம் கொஞ்சம் பேசச் சொன்னார்கள். நாலு பேர் என் முகத்தைப் பார்த்தால் எனக்கு வார்த்தை வராது. இருபத்தாறு வருடம் அதே கவுண்டருக்குப் பின்னால் நின்றும் அந்தக் கூச்சம் போகவில்லை. எழுதித் தருகிறேன் என்றேன். இடுப்பு வலியால் வேலையை விட்டு நின்ற பிறகு எனக்கு நேரமும் இருக்கிறது.

எந்த எஞ்சினுக்கு எந்த நம்பர் ஃபில்டர் என்பதை உங்களுக்குப் புத்தகத்தைக் காட்டிச் சொல்லித் தருவார்கள். அதை நான் எழுதப்போவதில்லை. அந்தப் புத்தகம் உதவாமல் போன ஒரு நாளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நம் கடைக்கு வருகிறவர்களை இதற்குள் நீங்கள் பார்த்திருப்பீர்கள். மருந்தடிக்கும் மெஷினுக்கும் களை எடுக்கும் மெஷினுக்கும்தான் கூட்டம் அதிகம். புல்தரை வெட்டும் மெஷினுக்குச் சாமான் கேட்டு வருகிறவர்கள் குறைவு. மில், பள்ளிக்கூடம், மலைமேல் இருக்கும் பங்களா, அவ்வளவுதான். யாராக இருந்தாலும் மாடல் பெயரைச் சொல்ல மாட்டார்கள். கழற்றிய பழைய சாமானைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்து, இதே மாதிரி ஒன்று கொடுங்கள் என்பார்கள். நாம் அதைத் திருப்பிப் பார்த்து, புதியதைப் பக்கத்தில் வைத்து, சரியா என்று கேட்டுக் கொடுப்போம். அப்படிக் கொடுப்பதில் எனக்குப் பெயர் இருந்தது. கடை முதலாளியான பாய், வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்வார்: "அவன் கண்ணு ஸ்கேலுங்க. பழசைக் காட்டுங்க, போதும்."

அந்தப் பெயர் எனக்கு வசதியாகவும் இருந்தது. பழசைப் பார்த்துக் கொடுத்துவிட்டால் யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. இதை இன்றுதான் வெளியே சொல்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால், பங்குனி வெயிலில், ஒரு பெண் வந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை. பெயர் பேச்சியம்மாள் என்பது பிறகுதான் எனக்குத் தெரியும். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். சொந்தமாகப் புல் வெட்டும் மெஷின் வைத்துக்கொண்டு, கூப்பிடும் இடத்துக்கெல்லாம் போய் வெட்டிக் கொடுப்பவர். சிறுமலையில் ஒரு பங்களாவில் மாதா மாதம் வேலை. மெஷினை அங்கேயே விட்டுவிட்டு, அடைத்துப்போன ஃபில்டரை மட்டும் கழற்றி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் இறங்கி வந்திருந்தார்.

பையைக் கவுண்டரில் கவிழ்த்தார். ஃபில்டர் விழுந்தது. உள்ளே சேறு மாதிரி அழுக்கு.

நாளைக்கு அந்தப் பங்களாவில் நிச்சயதார்த்தம் என்றும், இன்று சாயங்காலத்துக்குள் புல்லை வெட்டி முடிக்க வேண்டும் என்றும், பன்னிரண்டு மணி பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ் மூன்றரைக்குத்தான் என்றும் ஒரே மூச்சில் சொன்னார். பின்னால் நான்கு பேர் நின்றார்கள். நான் ஃபில்டரை எடுத்துப் பார்த்தேன். பைக்கில் போடுகிற சின்ன ஃபில்டர் மாதிரித்தான் இருந்தது. புல் மெஷினுக்கு இது ஏன் வந்தது என்ற கேள்வி ஒரு கணம் மனதில் வந்தது. கேட்டிருக்கலாம். இது மெஷின் வாங்கும்போதே இருந்ததா, நடுவில் யாராவது மாட்டினார்களா என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? அந்த அம்மா மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பின்னால் ஒருவர் "சீக்கிரம்ணே" என்றார். எனக்கு முகம் சூடானது. புதிய பைக் ஃபில்டர் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அச்சு அசலாக இருந்தது.

"இதுதானே தாயி?"

"நீங்க பாத்தாச் சரிதாண்ணே," என்று சொல்லிவிட்டு ஓடினார்.

கூட்டம் கலைந்த பிறகு கவுண்டரைத் துடைத்தேன். துணியில் ஏதோ ஒட்டியது. சுண்டுவிரல் நுழையாத அளவுக்குச் சின்னதாக ஒரு கறுப்பு ரப்பர் வளையம். ஏதோ வாஷர் என்று நினைத்து டப்பாவில் போடப்போனேன். விரலில் பிசுபிசுத்தது. மோந்து பார்த்தால் பெட்ரோல். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கத்தரியால் வெட்டிய சைக்கிள் வால்வு டியூப் துண்டு.

அந்த அம்மாவின் பையிலிருந்துதான் விழுந்திருக்க வேண்டும். பெட்ரோல் ஃபில்டரோடு சைக்கிள் வால்வு டியூப் வளையத்துக்கு என்ன வேலை?

பதில் எனக்கு உடனே தெரிந்தது. தெரியாத மாதிரி இருக்கத்தான் கொஞ்ச நேரம் முயற்சி செய்தேன். எப்போதோ அந்த மெஷினுக்குச் சரியான ஃபில்டர் கிடைக்காமல், யாரோ ஒரு பைக் மெக்கானிக் கையில் இருந்ததை மாட்டியிருக்கிறார். பைக் ஃபில்டரில் குழாய் மாட்டும் மூக்கு சின்னது, புல் மெஷினின் பெட்ரோல் குழாய் பெரியது. மாட்டினால் தொளதொளவென்று நிற்கும். அதற்காக மூக்கின்மேல் வால்வு டியூப்பை வெட்டிச் சொருகி, இடைவெளியை அடைத்திருக்கிறார். பழைய ஃபில்டரை உருவும்போது அந்த வளையம் கழன்று பிளாஸ்டிக் பையில் விழுந்திருக்கிறது. நான் பழைய ஃபில்டரைப் பார்த்தேன், வளையத்தைப் பார்க்கவில்லை. தப்பான சாமானுக்கு அச்சு அசலாக இன்னொரு தப்பான சாமானைக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

இப்போது அந்த அம்மா வளையம் இல்லாமல் அதை மாட்டுவார். தளர்வாக இருப்பது தெரிந்து கம்பியால் இறுக்கிக் கட்டுவார். மெஷின் நிற்கும்போது ஒன்றும் தெரியாது. ஓட ஆரம்பித்தால் அதிர்வில் கசியும். அந்த வகை மெஷினில் பெட்ரோல் குழாய்க்குக் கீழே ஒரு சாண் தள்ளி என்ன இருக்கிறது என்று உங்களில் யாராவது பார்த்திருக்கிறீர்களா? சைலன்சர். பத்து நிமிடம் ஓடினால் அதன்மேல் தண்ணீர் தெளித்தாலே சீறும்.

மணி பன்னிரண்டேகால். பஸ் போயிருக்கும்.

அந்த அம்மாவின் போன் நம்பர் என்னிடம் இல்லை. பங்களாவின் பெயரும் தெரியாது. ஒன்றையும் நான் கேட்கவில்லை.

உங்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டிய இடம் இதுதான். உடனே நான் கிளம்பவில்லை. வளையத்தைக் கையில் உருட்டிக்கொண்டு கால் மணி நேரத்துக்கு மேல் நின்றேன். நடுவில் ஒருவருக்கு ஸ்பார்க் பிளக் கொடுத்தேன், இன்னொருவருக்கு ஆயில். பொருந்தாவிட்டால் திரும்பி வருவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பல வருடமாக மெஷின் ஓட்டுகிறவர், பெட்ரோல் வாசம் தெரியாதா என்றும் சொல்லிக்கொண்டேன். எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அடியில் கிடந்தது ஒன்றுதான். முன்பின் தெரியாத இடத்துக்குப் போய், முன்பின் தெரியாதவர்கள் நடுவில் நின்று, நான் தப்பாகக் கொடுத்துவிட்டேன் என்று சொல்ல எனக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்துக்கு நான் கொடுத்த கால் மணி நேரம் அந்த அம்மாவுடையது.

பிறகு பாயிடம் போய் வளையத்தைக் காட்டிச் சொன்னேன். அவரும் நான் எனக்குச் சொல்லிக்கொண்டதையே சொன்னார். பொருந்தவில்லை என்றால் கொண்டுவரட்டும், மாற்றிக் கொடுத்துவிடுவோம், பகல் நேரத்தில் கவுண்டரை விட்டுப் போனால் யார் பார்ப்பது என்றார். எந்தப் பங்களா என்றாவது கேட்டாயா என்றார். கேட்கவில்லை என்றேன்.

"பெறகு எங்கன்னு போய்த் தேடுவ?"

 வளையத்தை அவர் மேசைமேல் வைத்தேன்.

"பாய், அந்தம்மா 'நீங்க பாத்தாச் சரிதான்'னுட்டுப் போச்சு."

 அவர் மேசை டிராயரைத் திறந்து தன் வண்டிச் சாவியை எடுத்து வைத்தார். "உன் டிவிஎஸ்ஸு அந்தக் கொண்டை ஊசிகள்ல ஏறாதுப்பா. இதை எடுத்துக்க. கடையை நான் பாத்துக்கிறேன்."

கிளம்பும் முன் ராக்கில் தேடினேன். அந்த மெஷினை நான் கண்ணால் பார்த்ததில்லை. பெரிய மூக்கு வைத்த ஃபில்டர் என்பது மட்டும் வளையத்தின் அளவிலிருந்து தெரிந்தது. அதிலும் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று உள்ளே சல்லடை வைத்தது, மற்றது மடித்த பேப்பர் வைத்தது. இரண்டையும் எடுத்தேன். ஒரு முழம் புதுக் குழாய், நான்கு கிளிப், ஒரு பிளேடு. பையில் போட்டுக்கொண்டு புறப்படும்போது பன்னிரண்டே முக்கால் இருக்கும்.

பஸ் மேலே போக ஒன்றேகால் மணி நேரம் ஆகும். அதாவது ஒன்றேகாலுக்குச் சேரும். பைக்கில் எனக்கு முக்கால் மணி. அந்த அம்மா பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து, ஃபில்டரை மாட்டி, பெட்ரோல் ஊற்றி, மெஷினைக் கிளப்ப இன்னும் அரை மணி. மனதில் இந்தக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே ஓட்டினேன். ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரு கால் மணி நேரம் மிச்சம் வந்தது. கடையில் நான் வீணாக்கியதும் அதே அளவுதான் என்பதும் கூடவே வந்தது.

மலையடிவாரச் செக்போஸ்ட்டில் ஒரு டெம்போவை நிறுத்திச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் காத்திருந்தேன். அவசரம் என்று சொன்னால் விட்டிருப்பார்கள். சொல்ல நினைத்து, சொல்லாமல் ஐந்து நிமிடம் நின்றேன். ஆறாவது நிமிடம் வண்டியை முன்னால் உருட்டிப் போய்ச் சொன்னேன். "போங்க, யாரு புடிச்சா?" என்றார் வனத்துறை வாட்சர்.

நாலாவது வளைவில் எதிரே வாழைத்தார் ஏற்றிய லாரி திரும்ப முடியாமல் நின்றது. பின்னால் எடுத்து, முன்னால் எடுத்து, அது போவதற்குள் எனக்கு மிச்சமிருந்த கால் மணி நேரம் தீர்ந்துவிட்டது.

மேலே நான் போனபோது பஸ் காலியாக நின்றது. டிரைவர் படியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் டீக்கடை. ஏழெட்டு ஆண்கள். இந்த இடத்துக்குத்தான் நான் வழியெல்லாம் பயந்துகொண்டு வந்தேன். நின்று கேட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"என்னது?" என்றார் ஒருவர்.

"இப்ப பஸ்ஸுல வந்த பொம்பளை. சட்டை போட்டுருக்கும். எந்தப் பக்கம் போச்சு?"

பெஞ்சில் சிரிப்பு. "வெரட்டிக்கிட்டு வந்துட்டாருப்பா," என்றார் ஒருவர். "வீட்டுல சொல்லிட்டு வந்தீகளா அண்ணே?" என்றார் இன்னொருவர். வேறு நாளாக இருந்தால் நான் வண்டியைத் திருப்பியிருப்பேன். அன்று, எனக்கே தெரியாமல், சத்தமாகச் சொன்னேன்.

"அது கொண்டு போற சாமான்ல பெட்ரோல் ஒழுகும். மெஷினைக் கிளப்புனா தீப்புடிக்கும். நான்தான் குடுத்தேன்."

சிரிப்பு நின்றது. பஸ் டிரைவர் சாப்பிட்ட கையோடு எழுந்து சொன்னார்: "புல்லு வெட்டுற அம்மாவா? எப்பவும் இங்ஙன எறங்கி அடுத்த முக்குக்கு நடக்கும். அங்ஙன ரெண்டு மூணு பங்களா இருக்கு. எதுன்னு தெரியாது."

அந்த முக்கில் பாதை இரண்டாகப் பிரிந்தது. இரண்டிலும் ஆள் இல்லை. வண்டியை நிறுத்திவிட்டு, எஞ்சினை அணைத்துவிட்டுக் காது கொடுத்தேன். முதலில் எதுவும் இல்லை. பிறகு இடது பக்கம், மரங்களுக்குப் பின்னால், ஒரு எஞ்சின் ஓடும் சத்தம்.

அது சரியாக ஓடும் எஞ்சின் இல்லை. ஏறியது, தணிந்தது, மறுபடி ஏறியது. போதுமான பெட்ரோல் கிடைக்காத எஞ்சின் அப்படித்தான் திணறும். டேங்கிலிருந்து இறங்கும் பெட்ரோல் எஞ்சினுக்குள் போகவில்லை என்றால் வேறு எங்கோ போகிறது.

நான் வண்டியைக் கிளப்புவதற்குள் அந்தச் சத்தம் நின்றுவிட்டது.

அந்த மௌனத்தைப் போல எதையும் நான் கேட்டதில்லை. அணைத்தாரா, தானாக அணைந்ததா, தீப்பிடித்ததா? தெரியவில்லை. மரத்துக்கு மேலே புகை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே மண்பாதையில் ஓட்டினேன். கேட் திறந்து கிடந்தது. உள்ளே வண்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன்.

பெரிய புல்தரை. பாதி வெட்டியிருந்தது. அதன் ஓரத்தில் பந்தல் போட ஆள்கள் நின்றார்கள். காய்ந்த தென்னங்கீற்று ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தது. அந்த அடுக்கிலிருந்து பத்தடி தூரத்தில் மெஷின். பேச்சியம்மாள் ஒரு காலை மெஷின்மேல் ஊன்றி, கிளப்பும் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார். இழுப்பதற்குக் கை பின்னால் போனது.

"இழுக்காத! கயித்தை விடு தாயி!"

அப்படி நான் வாழ்க்கையில் கத்தியதில்லை. பந்தல்காரர்கள் எல்லாரும் திரும்பினார்கள். அந்த அம்மா அப்படியே நின்றார். கயிறு கையை விட்டு நழுவி உள்ளே சுருண்டது.

கிட்டே போய்க் குனிந்தேன். சைலன்சரை மூடிய தகட்டின்மேல் ஈரம். அதற்கு மேலே காற்று, வெயிலில் ரோடு நெளிவது போல நெளிந்துகொண்டிருந்தது. மூக்கில் ஏறிய வாசம் கண்ணைக் கரித்தது. டேங்க்குக்குக் கீழே இருந்த பெட்ரோல் திருகை முதலில் அடைத்தேன். பிறகு இரண்டு பேருமாக மெஷினைத் தூக்கிக் கீற்று அடுக்கிலிருந்து தள்ளி, புல் இல்லாத பாறைமேல் வைத்தோம். பந்தல்காரர் ஒருவர் வாயில் பீடியோடு என்ன ஆச்சு என்று பார்க்க வந்தார். அந்த அம்மாவே அவரைக் கையைக் காட்டித் தடுத்தார். "அங்ஙனயே நில்லு அப்பு. கிட்ட வந்துராத."

நான் நினைத்த மாதிரியே கட்டுக்கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்கியிருந்தார். கம்பி குழாயை வெட்டிவிட்டது. ஃபில்டரின் மூக்கு பாதி வெளியே இருந்தது.

"மாட்டும்போதே லூசாத்தான் இருந்துச்சுண்ணே," என்றார். "நீங்க பாத்துக் குடுத்தது தப்பா இருக்காதுன்னு கம்பியை இறுக்கிட்டேன்."

இதற்குப் பிறகு என்னைத் திட்டியவர்கள் உண்டு. இந்த வார்த்தை போல எதுவும் தைக்கவில்லை. அந்த அம்மாவின் கைக்குத் தப்பு தெரிந்திருக்கிறது. என் பெயர் அதை மறைத்துவிட்டது.

பங்களா மேனேஜர் அதற்குள் வந்துவிட்டார். போனைக் காதிலிருந்து எடுக்காமலே, ஏன் நின்றுவிட்டது என்று கேட்டார். பேச்சியம்மாள் என்னைப் பார்த்தார். ஃபில்டர் சரியில்லை என்று மட்டும் அவர் சொல்லியிருந்தால் அது அவர் மெஷினின் குறையாகத்தான் மேனேஜருக்குப் பட்டிருக்கும். நான் சொன்னேன்: "அவுக மேல தப்பு இல்லைங்க. கடையில நான் தப்பான சாமானைக் குடுத்துட்டேன்."

அவருக்கு அது ஒரு பொருட்டாக இல்லை. ஆறு மணிக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் இடம் பார்க்க வருகிறார்கள், பாதித் தரை மொட்டையாகவும் பாதி காடாகவும் கிடக்கிறது என்றார். பிறகு பேச்சியம்மாளிடம், "முடியும்னா இப்பவே கிளப்பு. முடியாதுன்னா சொல்லிரு, கீழேருந்து வேற ஆளை வரச் சொல்றேன். மாசா மாசமும் அவனே வரட்டும்," என்றார்.

அந்த அம்மாவின் முகம் மாறியது. மலையில் ஒரு பங்களாக்காரர் வேண்டாம் என்றால் அடுத்தவரும் கூப்பிட மாட்டார். என்னைப் பார்த்துக் கேட்டார். "மாட்டிட்டீகன்னா ஓட்டிறலாம்ல?"

ஆமாம் என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை. தப்புச் செய்தவன் சீக்கிரம் நல்லவனாகிவிட நினைக்கிற நேரம் அது. ஆனால் சைலன்சர் கொதித்துக்கொண்டிருந்தது. எஞ்சின் முழுக்கப் பெட்ரோல் வழிந்திருந்தது. புது ஃபில்டரை மாட்டிவிட்டால் இனி ஒழுகாது, ஏற்கெனவே ஒழுகியதை என்ன செய்வது?

"இப்ப ஆகாது. ஆறணும். அரை மணி நேரம் யாரும் தொடக்கூடாது," என்றேன். மேனேஜரைப் பார்த்துத்தான் சொன்னேன். அவர் கண்ணைப் பார்த்தேன் என்பது இன்றும் எனக்கு ஆச்சரியம்.

அவர் ஏதோ முணுமுணுத்துவிட்டு, நாலரைவரை பார்க்கிறேன் என்று போனார்.

 பேச்சியம்மாள் ஷெட்டுக்குள் போய் இரண்டு கருக்கரிவாளை எடுத்து வந்தார். ஒன்றை என்னிடம் நீட்டினார். மெஷின் போகாத ஓரங்களைக் கையால்தான் அறுக்க வேண்டும், எப்படியும் செய்ய வேண்டிய வேலை. இரண்டு பேரும் பூச்செடிப் பாத்தி ஓரமாகக் குந்தி அறுத்தோம். நான் ஒருமுறை மன்னிக்கச் சொல்லி ஆரம்பித்தேன். "அறுங்கண்ணே, நேரம் போகுது," என்றார்.

தகடு ஆறிய பிறகு துணியால் துடைத்து, இன்னும் கொஞ்ச நேரம் காற்றில் காயவிட்டு, பையைப் பிரித்தேன். இரண்டு ஃபில்டரையும் பார்த்துவிட்டு அவர் பேப்பர் வைத்ததைக் காட்டினார். அதுதான் விலை கூடியது, நன்றாக வடிகட்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சும்மா கொடுக்கப்போகிறோம், உயர்ந்ததையே கொடுத்துவிடலாம் என்று எனக்கும் ஒரு நினைப்பு வந்தது. தம்பிகளே, இந்த நினைப்பிலும் தப்பு இருக்கிறது. அந்த மெஷினில் டேங்க் மேலே இருந்தது, எஞ்சினுக்குப் பெட்ரோல் தள்ளும் பம்ப் இல்லை. பெட்ரோல் தன் பாரத்திலேயே வழிந்து இறங்க வேண்டும். நெருக்கமான பேப்பர் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சும்மா நிற்கும்போது ஓடும், அடர்ந்த புல்லில் ஏறும்போது மூச்சுத் திணறி நின்றுவிடும். அந்த அம்மா மறுபடியும் கயிற்றை இழுத்துக்கொண்டு நிற்பார். பம்ப் வைத்த மெஷினுக்குத்தான் பேப்பர் நல்லது. இதற்குச் சல்லடைதான் நல்லது. எடுத்துச் சொன்னேன். முழுதாகக் கேட்டுவிட்டு, "இம்புட்டும் காலையிலேயே கேட்டுருக்கலாம்ல?" என்றார்.

"கேட்டுருக்கணும்," என்றேன்.

கம்பி வெட்டிய குழாயை எடுத்துவிட்டுப் புதியதை அளவாக நறுக்கினேன். ஃபில்டரின் மூக்கில் அது இழுத்துப் பிடித்து ஏறியது. கிளிப்பை மாட்டினேன். திருகைத் திறந்து, அடியில் ஒரு செய்தித்தாள் துண்டை வைத்துவிட்டு இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பத்து நிமிடம். ஒரு புள்ளி கூட விழவில்லை. அதற்குள் மேனேஜர் இரண்டு தடவை வராந்தாவுக்கு வந்து எட்டிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் என்று நான் கையைக் காட்டினேன். பதினைந்து நிமிடம். காகிதம் காய்ந்தே இருந்தது.

"சரியா இருக்கு தாயி. ஓட்டலாம்."

அவர் மெஷினைத் தொடவில்லை. பாறையைவிட்டு நாலடி பின்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நீங்க ஓட்டுங்கண்ணே."

எனக்குப் புரியவில்லை. வெட்டுவது அவர் வேலையல்லவா என்கிற மாதிரி பார்த்தேன்.

"காலையிலயும் சரியா இருக்குன்னுதான் குடுத்தீக," என்றார். குரலில் கோபம் இல்லை. "ஒரு சுத்து நீங்க ஓட்டுங்க. நான் பாத்துக்கிறேன்."

வராந்தாவில் மேனேஜர், பந்தலடியில் ஆறு ஏழு பேர். எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபது வருடத்துக்கு மேல் இந்த மெஷின்களுக்குச் சாமான் கொடுத்தவன் நான். ஒரு தடவைகூட ஒன்றைப் பிடித்துத் தள்ளியதில்லை. மெஷினைப் புல்லுக்கு உருட்டினேன். கயிற்றைச் சுற்றிப் பிடித்தபோது என் கை எங்கே இருக்கிறது, சைலன்சர் எங்கே இருக்கிறது, என் வேட்டி எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்தேன். மதியம் அந்த அம்மாவின் சேலை எங்கே இருந்திருக்கும் என்பதும் அப்போது தெரிந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இழுத்தேன். இரண்டாவது இழுப்பில் கிளம்பியது. ஏறி இறங்காமல் ஒரே சத்தமாக ஓடியது.

தள்ளிக்கொண்டு போனேன். கோணல்மாணலாகத்தான் வெட்டியது. பந்தல்காரர்கள் சிரித்தார்கள். பேச்சியம்மாள் சிரிக்கவில்லை. மெஷினுக்குப் பக்கவாட்டில் குனிந்தபடி கூடவே நடந்தார். என் முகத்தை ஒரு தடவையும் பார்க்கவில்லை. ஃபில்டரும் குழாயும் சேரும் இடத்தை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தார். நீளப் பக்கம் முடிந்து, அகலப் பக்கம் முடிந்து, திரும்பும் முனையில் விரலை நீட்டி அந்த இடத்தைத் தடவினார். விரலை மோந்து பார்த்தார்.

பிறகு கைப்பிடியில் என் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தார்.

"விடுங்கண்ணே. கோடு கோணிப் போச்சு," என்றார்.